மூணு பேரையும் தூக்கினு போ

என் அண்ணன் செத்து விழுந்த பிறகுதான் அதிகம் பேசுவான். உயிரோடு இருக்கும்வரை வாயில் பாக்கு இருக்கும், பேச முடியாது. விளையாட்டில் அவனுடைய ஆள் குண்டடி பட்டு விழுந்ததும், போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவான். மொட்டைமாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் துப்பிவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் குந்திக்கொள்வான்.

"லெஃப்ட்ல பாரு. லெஃப்ட்டுமே! ஐய, அந்த மரத்தாண்ட பாரு."

மரத்தடியில் யாரும் இருக்கமாட்டார்கள். அவன் பேசப் பேச, பாக்கு ஊறிய எச்சில் சின்னச் சின்னத் துளியாக என் கழுத்தில் தெறிக்கும். துடைக்கக் கை கிடைக்காது. இரண்டு கட்டைவிரலும் திரையில் இருக்கும். எதிரியைச் சுட்டு முடித்த பிறகுதான் துப்பட்டாவை எடுத்துத் துடைப்பேன். அந்த வாடை துப்பட்டாவில் ஏறிவிடும். மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போதும் மூக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த விளையாட்டை இப்போது தெரியாதவர்கள் குறைவு. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாலு நாலு பேராக அணிகள். எல்லாரையும் ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். கிடைக்கும் துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு மற்ற அணிகளைச் சுட வேண்டும். நிற்கிற இடம் ஒரு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் எந்த அணி மிஞ்சுகிறதோ அது ஜெயித்தது. அடிபட்டவன் உடனே சாகமாட்டான், முட்டி போட்டுத் தவழ்வான். கூட இருப்பவன் ஓடிவந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் அவனை மறுபடி எழுப்பிவிடலாம். தூக்கிவிடுவது என்போம். யாரும் வராவிட்டால் ரத்தம் வடிந்து செத்துப்போவான்.

எங்கள் அணியில் தூக்கிவிடுகிற வேலை முழுக்க என்னுடையது.

ஊரடங்கு சமயத்தில்தான் இது தொடங்கியது. அண்ணன் ஹார்பரில் லாஷிங் வேலை பார்க்கிறான். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் சரிந்துவிடாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டும் வேலை. ஹார்பர் மூடவில்லை, அவன் போய்வந்துகொண்டிருந்தான். நான் எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் ஆபீசில் இருக்கிறேன். எங்களைப் பாதிப் பேரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ராயபுரத்தில் எங்கள் சந்தில் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்தான். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் அவன் தோஸ்துகள் இரண்டு பேரும் விளையாடுவார்கள். ஒருவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இன்னொருவன் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் உடைக்கிறவன். நாலாவது ஆளாக வந்துகொண்டிருந்தவன் ஊருக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

"நீ சும்மா வந்து நில்லு. நாலு தல இருந்தா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றான் அண்ணன்.

நின்றேன். அவர்கள் மூன்று பேரும் சாவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, இவர்களுக்கு விளையாடத் தெரியாது. காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். காலடிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஓடுகிறானா நடக்கிறானா, மேல்மாடியா கீழேயா, எல்லாம் ஹெட்போனில் தெளிவாக வரும். இவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தால் எங்கே கேட்பது? நான் பேசாமல் இருந்தேன், கேட்டேன், சுட்டேன். கை அதுவாகவே பழகியது. இரண்டு மாதத்தில் நான் சுட்டால் ஆள் விழுவான் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இஸ்திரி போட வருகிறது, மீன் ஆய வருகிறது, இதுவும் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. தூக்கினு போறது. ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரன் மீதி மூன்று சொத்தைகளையும் சேர்த்து ஜெயிக்க வைத்தால் அதற்குப் பெயர் அது. ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் அண்ணன் போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, மூணு பேரையும் தூக்கினு போ" என்பான். மற்ற இரண்டு பேரும் சிரிப்பார்கள். முதலில் நானும் சிரித்தேன்.

தூக்கத் தூக்க அவர்கள் கனத்தார்கள். முன்பாவது ஒரு சுவரோரமாக ஒளிவார்கள், ஒருவனுக்காவது ஒரு குண்டாவது படும். நான் வந்த பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். விமானத்திலிருந்து குதிக்கும்போதே, சண்டை அதிகமாக நடக்கும் இடமாகப் பார்த்துக் குதிப்பார்கள். நல்ல துப்பாக்கி, நல்ல கவசம், மருந்துப்பெட்டி எல்லாவற்றையும் வாரிக்கொள்வார்கள். வாரிக்கொண்டு நேராகப் போய் யார் முன்னாலாவது நின்று விழுவார்கள். விழுந்ததும் மூன்று குரலும் என் காதில். "தங்கச்சி, இங்க வா." "என்ன மொதல்ல தூக்கு." "இவன அப்பறமா தூக்கு, எங்கிட்டதான் பெரிய கன்னு கீது." நான் ஊர்ந்து ஊர்ந்து போய் ஒருவனை எழுப்புவேன். எழுந்தவன் நன்றி சொல்ல வேண்டாம், சுவருக்குப் பின்னால் நிற்கலாம் அல்லவா? எழுந்த சூட்டோடு சுட்டவனையே தேடி ஓடி மறுபடி விழுவான். ஐஸ்காரனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். விழும்போதெல்லாம் ஹெஹ்ஹே என்று சிரிப்பான். பல் முழுக்கக் காவியாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "ஒரு ஆளு மூணு பேர எத்தினி நாளைக்கி தூக்குறது? நீங்களும் கொஞ்சம் கத்துக்கலாம்ல?" என்று கேட்டேன்.

ஆட்டோக்காரன் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஏதோ கோர்ட்டில் வாதாடுவது போலக் கையை நீட்டினான். "தபாரு தங்கச்சி. டிரைவரு ஒர்த்தன்தான் வண்டி ஓட்றான். பத்து பேரு குந்தினு வரான். எல்லாரும் ஊரு போய் சேரல?"

"உன் வண்டில குந்தினு வரவன் ஹேண்டில் பார புடிச்சி இழுக்குறானா?"

ஐஸ்காரன் கையைத் தட்டிச் சிரித்தான். ஆட்டோக்காரனும் சிரித்தான். அண்ணன் மட்டும், "ஓவரா பேசாத. கேமை எறக்கி குட்த்ததே நானு" என்றான். அதோடு முடிந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஆட்டம் ஜெயிக்க ஜெயிக்க நாலு பேருக்கும் ஒன்றாக ரேங்க் ஏறும், யார் சுட்டார்கள் என்று பார்க்காது. என் முதுகில் ஏறி வந்த ரேங்க்கை ஐஸ்காரன் போனில் ஸ்டேட்டஸாக வைத்திருந்தான், பக்கத்தில் புலிப் படம் போட்டு. அண்ணன் டீக்கடையில் நின்று பையன்களுக்கு, எந்தத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் மாட்ட வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் பால் வாங்கப் போனேன். என்னைப் பார்த்தும் அவன் நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் தப்பு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தண்டையார்பேட்டையில் போட்டி வைத்தார்கள். அந்தப் பக்கத்து அரசியல் பிரமுகர் ஒருவருக்குப் பிறந்தநாள். ரத்ததானம், கேரம், கூடவே இது. ஜெயிக்கிற அணிக்கு ஆள் உயரக் கோப்பை, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி. அண்ணன் என்னைக் கேட்கவே இல்லை. பெயர் கொடுத்துவிட்டு வந்து, சோறு தின்றுகொண்டிருந்தபோது சொன்னான். "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மொத பூசைக்கே பூட்டு வந்துரு. கப்பு நம்ம வூட்டுக்குதான்."

கல்யாண மண்டபம். முந்தின நாள் யாருக்கோ வரவேற்பு நடந்திருக்கிறது. மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. மிதிபட்ட மல்லிகை, ரசம், பினாயில் எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். ஏசி போடவில்லை. பிளாஸ்டிக் சேர்கள் வட்டம் வட்டமாக, நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து பாம்புக்குட்டிகள் மாதிரி சார்ஜர் ஒயர்கள். நூறு ஆண்களின் வியர்வை. பெண்கள் பக்கத்துக் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள், பெண்கள் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லையாம்.

பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார். "பாப்பா ஆட்றதா, கூட வந்துதா?"

"நம்ம தங்கச்சிதான் சார். ஆளு ஒண்ணு கொறஞ்சிது, இட்டுனு வந்துட்டேன்."

பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொன்று வந்தது. சாப்பிடும்போது வாயில் முடி சிக்கினால் வருமே, அது.

ஆனாலும் விளையாடினேன். காலையில் நடந்த சுற்றுகளில் மூன்று பேரும் வழக்கம்போல விழுந்தார்கள், வழக்கம்போலத் தூக்கினேன். தூக்க முடியாமல் அவர்கள் செத்துப்போனபோது தனியாக நின்று முடித்தேன். ஒரு ஆட்டத்தில் கடைசியில் நான் ஒண்டியாக இருந்தேன், எதிரே இரண்டு பேர். ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்துக் காத்திருந்தேன். முதல் ஆள் எட்டிப் பார்த்தான், விழுந்தான். அவனைத் தூக்க இரண்டாவது ஆள் வந்தான், அவனும் விழுந்தான். மண்டபமே எழுந்து கத்தியது. பெரிய திரையில் எங்கள் அணி ஜெயித்ததாக வந்தது. மைக்கில் கேப்டன் என்று அண்ணன் பெயரைச் சொன்னார்கள். ஆட்டோக்காரனும் ஐஸ்காரனும் ஓடிப்போய் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவன் மேலே இருந்துகொண்டு கையை ஆட்டினான். அவன் அந்த ஆட்டத்தில் முதல் ஆளாகச் செத்தவன்.

நான் சேரில் உட்கார்ந்து, போனில் ஒட்டியிருந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் கை கழுவும் இடத்துக்குப் போனேன். அங்கே எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த அணி நின்றிருந்தது. நாலு பையன்கள். இரண்டு பேர் போட்டில் போகிறவர்கள், ஒருவன் ஐடிஐ படிக்கிறான், இன்னொருவன் எங்கள் யார்டு பக்கத்திலேயே டயர் கடையில் இருக்கிறான். அவன்தான் பேச்சுக் கொடுத்தான்.

"அக்கா, உங்க டீம்ல நீங்கதான சுட்றது?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேப்டன் அண்ணன் பேசினே இருந்தாரு. சுட்றவங்களுக்கு அவ்ளோ பேச எங்க டைம் கீது?"

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தேன். "உங்கள்ல யாரு நல்லா ஆட்றது?" என்று கேட்டேன்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஜமாகவே யோசித்தார்கள். "அப்டிலாம் யாரும் இல்லக்கா" என்றான் போட்டில் போகிறவர்களில் ஒருவன். "இன்னிக்கி எல்லாருமே சுமாராத்தான் ஆடினு கீறோம்."

உண்மைதான். காலையில் அவர்கள் ஆட்டத்தைத் திரையில் பார்த்தேன். ஒருவனுக்கும் குறி சரியில்லை. நான் ஒரு குண்டில் முடிப்பதை அவர்கள் பத்துக் குண்டில் முடித்தார்கள். ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள், நாங்களும் வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்துக்கு அண்ணன் ஒரு யோசனை வைத்திருந்தான். "நாங்க மூணு பேரும் கடைசி வரிக்கும் ஒளிஞ்சிக்கிறோம். நீ சுட்டுனு இரு. கடைசில நாலு பேரா நிப்போம். எவன் வருவான்?"

அதுவரை அவன் சொன்னதிலேயே கொஞ்சமாவது அறிவுள்ள யோசனை அதுதான். அப்படியே செய்தோம். வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு காய்ந்த மேட்டில் வந்து நின்றது. மேட்டில் இடிந்த வீடு ஒன்று. என் ஆட்கள் மூன்று பேரும் வீட்டுக்குள். நான் வெளியே, மதில்சுவர் ஓரமாக. கீழே பள்ளத்தில் எண்ணூர்ப் பையன்கள் நாலு பேர். மற்ற எல்லாரும் முடிந்துவிட்டார்கள்.

ஒருவனைச் சுட்டேன், முட்டி போட்டு விழுந்தான். அடுத்த நொடி அங்கே புகைக்குண்டு வெடித்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. புகை கலைந்தபோது அவன் எழுந்து நின்றான். இன்னொருவனைச் சுட்டேன். மறுபடி புகை, மறுபடி எழுந்தான். நான் விழத்தட்டிக்கொண்டே இருந்தேன், அவர்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். எதிர்ப்பக்கத்துச் சேர்களிலிருந்து அவர்கள் பேசுவது என் ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. வுழுந்துட்டேன்டா. நான் வரேன். மருந்து கீது. இரு. அவ்வளவுதான் பேச்சு. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அந்தப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போலவும் இருந்தது. என் ஆட்கள் மூன்று பேரும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

கடைசியில் அவர்களிடம் புகைக்குண்டு தீர்ந்தது. ஒருவனைத் தட்டினேன். அவனைத் தூக்க வந்தவனையும் தட்டினேன். மூன்றாவது ஆள் பாறைக்கு இந்தப் பக்கம் ஓடிவந்தான், அவனையும் முடித்தேன். விழுந்த இரண்டு பேரையும் எழ விடாமல் முடித்தேன். நாலாவது ஆள் எங்கே என்று திரும்பும் முன்னால், பக்கவாட்டிலிருந்து எனக்கு அடி விழுந்தது. டயர் கடைப் பையன். நான் முட்டி போட்டுவிட்டேன். அதே வேகத்தில் அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

இப்போது கணக்கு என்ன? அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள். இந்தப் பக்கம் மூன்று பேர், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், நான் பொறுக்கிக் கொடுத்த நல்ல நல்ல துப்பாக்கிகளோடு. நான் விழுந்து கிடந்தது வீட்டு வாசலுக்கு நாலு அடி தள்ளி.

"ண்ணா, தூக்கு. வாசலாண்டயேதான் கீறேன்."

"வா வா, நீ உள்ள வா" என்றான் அண்ணன்.

"எப்டி வர்றது? தவுந்துதான் வர முடியும். ரத்தம் போயினு கீது. நீ வா. ஸ்மோக் போட்டு வா."

"ஸ்மோக்கு எங்க கீது? டேய், ஸ்மோக்கு எந்த பட்டன்டா?"

மூன்று பேரும் ஒருவன் போனை ஒருவன் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை நாள் விளையாடியும் அந்த பட்டனை ஒருவனும் தொட்டதே இல்லை. அதைத் தொட ஒரு தேவையும் வந்ததில்லை, எப்போதும் நான்தான் போடுவேன். ஐஸ்காரன், "எங்க கீறான் அவன்?" என்று ஜன்னலில் தலையை நீட்டினான். ஒரே வெடி. ஹெஹ்ஹே என்று சிரித்தான். ஆட்டோக்காரன் ஒரு வழியாக எதையோ அழுத்திக் குண்டை எறிந்தான். புகைக்குண்டு இல்லை, வெடிகுண்டு. வாசல் நிலையில் பட்டுத் திரும்பி அவன் காலடியிலேயே விழுந்து வெடித்தது. அவனோடு என் கதையும் முடிந்தது.

மிச்சம் அண்ணன். அவன் வாசல் பக்கம் வரவே இல்லை. நான் கூப்பிட ஆரம்பித்ததுமே பின்பக்கம் போய், வீட்டின் குளியலறைக்குள் நுழைந்து மூலையில் குந்தியிருந்தான். என் திரை இப்போது அவன் கண் வழியாகத்தான் காட்டியது, அதனால் தெரிந்தது. வெள்ளை ஓடு போட்ட சுவர், ஒரு தொட்டி, கதவு. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தான். டயர் கடைப் பையன் நிதானமாக நடந்து வந்தான். காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணனுக்குக் கேட்கவில்லை, அவன் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. அண்ணன் துப்பாக்கியில் இருந்த அத்தனை குண்டையும் ஓடு போட்ட சுவரில் கொட்டினான்.

மூன்று பேர் ஒருவனிடம் தோற்றார்கள்.

எண்ணூர்ப் பையன்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். முதல் வார்த்தையாக அவன் கேட்டது இது.

"கடசில நீ ஏன்மே வுழுந்த?"

அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது வந்த அணியின் கேப்டனுக்குப் பொன்னாடை. மைக்கை நீட்டி, என்ன நடந்தது என்று கேட்டார்கள். "நல்லாத்தான் போயினு இருந்திச்சு சார். கடைசில தங்கச்சி கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தல" என்றான். கூட்டம் சிரித்தது. வாயில் உமிழ்நீர் சுரந்து நிறைந்தது, வாந்திக்கு முன்னால் சுரக்குமே அப்படி. விழுங்கிக்கொண்டேன்.

பிரியாணிக்கு அவர்கள் மூன்று பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அண்ணன் பொன்னாடையைக் கழற்றவில்லை. எலும்பை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த இலைக்காரனிடம் அந்தக் குளியலறைச் சண்டையை விளக்கிக்கொண்டிருந்தான். எதிரி உள்ளே வந்ததும் தான் எப்படித் திருப்பிக் கொடுத்தான் என்று. அவன் உதட்டிலிருந்து எண்ணெய் வழிந்து பொன்னாடையின் ஜரிகையில் சொட்டியது. நான் சாப்பிடாமலேயே வெளியே வந்து பஸ் ஏறினேன். ஹார்பர் லாரிகளின் புழுதிக்குள் பஸ் ஊர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளித்தேன், தலைக்கு ஊற்றிக்கொண்டு, சோப்பை இரண்டு முறை தேய்த்து. ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். விளையாட்டு என்பதால் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "அண்ணன்தான, நாலு பேரு முன்னாடி வுட்டுக் குடுத்துட்டுப் போயேன். உனக்கு இன்னா கொறஞ்சிப் போச்சு?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து கூப்பிட்டான். வரவில்லை என்றேன். தலைவலியா என்றான். இல்லை, வரவில்லை என்றேன். கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தான், பிறகு எங்கிருந்தோ நாலாவது ஆள் ஒருவனைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் ரேங்க் மளமளவென்று சரிந்தது. நெட்டு சரியில்லை என்றான். போன் பழசாகிவிட்டது என்றான். புதுப் போன் வாங்கினான். அப்போதும் சரிந்தது. ஒரு நாளாவது அவனுக்குத் தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

டயர் கடைப் பையனை யார்டு வாசலில் பார்ப்பதுண்டு. அவர்களில் ஐடிஐ படித்தவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான் என்று சொல்லி, என்னை வரச் சொன்னான். போனேன். முதல் ஆட்டத்தில் பழக்கதோஷத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒண்டியாக ஓடினேன். இரண்டு பேரை விழத்தட்டினேன், விழுந்தேன். என்னைத் தூக்க மூன்று பேரும் வந்தார்கள். வந்த இடத்தில் இரண்டு பேர் செத்தார்கள்.

"ஐயோ, ஏன் வந்தீங்க? நான் விழுந்தா விட்டுட்டுப் போவ வேண்டியதுதான?" என்றேன்.

"நீங்க வுழுந்தீங்களேக்கா" என்றான் ஒருவன், நான் ஏதோ புரியாத பாஷையில் கேட்டுவிட்ட மாதிரி. "இனிமே போறப்போ ஒரு வார்த்த சொல்ட்டுப் போங்க. பக்கத்துல நிப்போம்."

அதுவும் எனக்கு லேசாக இல்லை. எதற்கெடுத்தாலும் சொல்ல வேண்டியிருந்தது. வலப்பக்கம் போகிறேன், மருந்து போடுகிறேன், குண்டு தீர்ந்தது. என் வாய்க்கு அது பழக்கமில்லை. அவர்களுக்காக நான் நிற்க வேண்டியிருந்தது, எனக்கு நிற்கவே பிடிக்காது. பல ஆட்டம் தோற்றோம். அண்ணனோடு இருந்தபோது ஜெயித்த அளவுக்கு இன்றுவரை ஜெயிக்கவில்லை. சின்ன ஆட்டங்களில் ஒரு ஆள் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், நான் போயிருக்கிறேன். அந்த ஆள் விழுகிற ஒரு நாளில்தான் கூட இருப்பது யார் என்று தெரியும்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் அண்ணனை முட்டாள் என்று வைத்துக்கொண்டு விட்டிருப்பேன். முட்டாளைப் பார்த்தால் குமட்டாது.

போன மாதம் மாமா பேத்திக்கு ஞானஸ்நானம். கோயில் பக்கத்து ஹாலில் விருந்து. அண்ணனோடு ஹார்பரில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். வெள்ளைத் தலை, ஒரு கையில் கட்டு. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவன் தங்கை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கண்ணன் மாதிரி ஆளு ஹார்பர்ல கெடையாதும்மா. கம்பி நழுவி எம்மேல வந்திச்சு. அவனவன் பின்னால ஓடினான். உங்கண்ணன் முன்னால ஓடியாந்தான். என்னை இஸ்துத் தள்ளி வுட்டுட்டு எம்பக்கத்துலயே குந்தினான் பாரு. எங்க கேங்குல எவன் கால் சறுக்குனாலும் மொதல்ல வர்றது அவன்தான்."

எதிரே அண்ணன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வரத் தெரியும். ஓடிவரத் தெரியும், பக்கத்தில் குந்தத் தெரியும்.

சாப்பிட்டு முடித்து அவன் வெளியே வந்ததும் கேட்டேன். போட்டி நடந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது, கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கி மண்டபத்துல நான் வாசல்ல கெடந்தேனே. ஏன் வரல?"

எந்த மண்டபம் என்று யோசித்துவிட்டு, ஞாபகம் வந்து சிரித்தான். அவன் மறைக்கவில்லை, சமாளிக்கவும் இல்லை.

"நீதான்மே. உனக்கு இன்னாத்துக்கு ஆளு? நீயே எப்டினா எந்திரிச்சிப்பன்னு வுட்டுட்டேன்."

விருந்தில் தின்றதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவன் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.